கனகத்துக்கு ஒரு நாற்காலி

மதராஸ் வண்டி காலை ஆறரை மணிக்குச் செகந்திராபாத் வந்து சேரும். பயணிகள் இறங்கிப் போனதும் பெட்டிகளை யார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே துடைப்பமும் வாளியுமாகப் பெட்டிகளில் ஏறுகிறவர்களில் கனகம் ஒருவர். சஃபாய்வாலா என்பது ரயில்வே அவருக்குக் கொடுத்திருந்த பதவிப் பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பெயர்தான். சமத்துவத்தை அந்த ஒரு வேலையில் மட்டும் மறக்காமல் கடைப்பிடித்தார்கள்.

மற்றவர்கள் இருக்கைக்கு அடியில் குனிந்தால், யாராவது குடையோ டிபன் டப்பாவோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கனகம் தேடுவது காகிதம். முந்தைய நாள் மதராஸ் பேப்பர், பாதி கிழிந்த வார இதழ், முறுக்குப் பொட்டலம் பிரித்த தாள், எதுவானாலும் தமிழில் அச்சாகியிருந்தால் உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். ஒன்பது மணி டீ இடைவேளையில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் எட்டுப் பத்துப் பெண்கள் சுற்றி உட்கார, உரக்கப் படிப்பார். மந்திரி பேச்சு, மழை நிலவரம், கொலை வழக்கு, கடைசியில் தொடர்கதை. கேட்கிறவர்களில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள். அவர்களுக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி, தெலுங்கில் சொல்லிவிட்டு மேலே போவார்.

அவருடைய தாத்தா, வெள்ளைக்காரப் பட்டாளத்தின் குதிரைகளைத் தேய்த்துக்கொண்டே வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவர். பட்டாளம் போய்விட்டது. குதிரைகளும் போய்விட்டன. ஊர் அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த ஒதுக்குப்புறம், லைன் என்பார்கள், அது மட்டும் அப்படியே இருந்தது. கனகம் கண்டோன்மென்ட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். லோகோ ஷெட்டில் கலாசி வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டார். எழுபத்து நாலாம் ஆண்டு ரயில்வே வேலைநிறுத்தத்தில் கணவர் தயங்கியபோது, இவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருபது நாளும் கொடிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். அதற்காக வேலை நீக்க உத்தரவு வந்தது. பிறகு போராடித் திரும்ப வேலையில் சேர்ந்தார். அந்த இருபது நாளில் தனக்கு ஏற்பட்ட பெரிய நஷ்டம், வண்டி ஓடாததால் பேப்பர் வராமல் போனதுதான் என்று சொல்வார்.

இப்படிப் பொறுக்கிப் படிப்பதில் ஒரு தொல்லை உண்டு. பயணிகள் கனகத்தின் வசதி பார்த்து இதழ்களை விட்டுவிட்டுப் போவதில்லை. எழுபத்தேழில் ஒரு வார இதழில் ஒரு தொடர்கதை வந்தது. திரிபுரசுந்தரி என்று ஒரு பெண். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை மறுத்துவிட்டு, மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போகிறாள். மொத்தம் முப்பது வாரம். கனகத்துக்கு வண்டியில் கிடைத்தவை பத்தொன்பது. நடுவில் விட்டுப் போனதை ஊகித்துக்கொள்ளலாம். கடைசி நாலு வாரமும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை மலையேறி வந்து பள்ளிக்கூட வாசலில் நிற்கிறான். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? யார்டு முழுக்க அதே பேச்சு. கனகம் தானாக ஒரு முடிவு சொல்லிப் பார்த்தார். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. புஸ்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

அந்த முடிவு அதே ஊரில், மாரெட்பள்ளியில் ஒரு பீரோவுக்குள் இருந்தது.

மாரெட்பள்ளியில் அப்போது இளவேனில் தமிழ் மன்றம் என்று ஒன்று இருந்தது. இந்த ஊருக்கும் இளவேனிலுக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயர் வைத்தவர்கள் கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். நகரத்துத் தமிழர் எல்லோருக்கும் என்று கண்டோன்மென்ட் போர்டு கொடுத்த நிலத்தில் ஒரு கூடம், பக்கத்தில் ஒரு படிப்பறை. பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்களிலும் வேலை பார்த்தவர்கள்தான் உறுப்பினர்கள். ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த நானும் அதில் சேர்த்தி. வருஷத்துக்கு நாலு தடவை தமிழர் ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுவோம். பேசி முடித்த மறுநாள், கூடத்தைப் பெருக்கக் கனகத்தின் தெருவிலிருந்து ஆள் வரும். ஒற்றுமைக்கும் அந்த ஆளுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

படிப்பறையைப் பார்த்துக்கொண்டவர் வேதாசலம். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டுப் பீரோவில் அடுக்குவது அவருடைய பொழுதுபோக்கு. யார்டு ஆட்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். அக்டோபரில் ஒரு மாலை, கனகம் படிப்பறையின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன்.

“கார்டு ஐயா, அந்தத் திரிபுரசுந்தரி என்னதான் ஆனா?”

“சொல்லிரவா?”

“நக்கோ நக்கோ, வேணாம். சொல்லாதீங்க. நானே படிக்கணும். புக்கை இப்படிக் குடுங்க, இங்கியே நின்னு படிச்சிட்டுத் தரேன்.”

வேதாசலம் என்னைப் பார்த்தார். உறுப்பினர் அல்லாதவர்கள் கையில் புத்தகம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர் யோசித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் விரித்துப் பிடித்தார். கையில் கொடுக்கவில்லை அல்லவா? கனகம் கம்பியில் முகத்தை வைத்து, விட்டுப்போன முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அவர் தலையசைத்தால் வேதாசலம் பக்கத்தைத் திருப்புவார். இப்படி மூன்று மாலைகள் நடந்தன. நாலாம் நாள் மன்றத்தின் செயலாளர் நாராயணஸ்வாமி வந்துவிட்டார்.

நாராயணஸ்வாமி ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் நிர்வாக அதிகாரி. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கோப்புக்குள் அடங்காத எதைக் கண்டாலும் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். அவர் நேரே போய் ஜன்னல் கதவைச் சாத்தினார்.

வெளியிலிருந்து குரல் வந்தது. “கைக்கு சார், எதுக்கு மூடுறீங்க? உள்ள இருக்கிறவங்களுக்குக் காத்து வேணாமா?”

அந்த அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். அன்றைக்கு மூன்றில்தான் ஆள் இருந்தோம். பொது நிலத்தில் கட்டிய அறையில் ஒன்பது நாற்காலி காலியாக இருக்க, படிக்க வந்தவர் தெருவில் நின்றார். நான் எழுந்தேன். வெளியே போய், “உறுப்பினராகச் சேர்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“சேர்த்தா உக்காந்து படிக்கலாமா சார்?”

“உட்கார்ந்தும் படிக்கலாம். ஓட்டும் போடலாம்.”

“ஓட்டு இருக்கட்டும். நாற்காலி ஃபேனுக்குக் கீழயா?”

நான் முன்மொழிந்தேன். வேதாசலம் வழிமொழிந்தார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் கனகம் தம் கையாலேயே சஃபாய்வாலா என்று எழுதினார். நாராயணஸ்வாமி அந்தக் கையெழுத்தைக் கவனிக்கவில்லை. அந்தச் சொல்லோடு அவர் கண் நின்றுவிட்டது.

நிர்வாகக் குழு கூடியது. “எனக்கு ஒண்ணுமில்லை சார்” என்றுதான் நாராயணஸ்வாமி ஆரம்பித்தார். இந்த நாட்டில் அக்கிரமங்களில் பாதி அந்த வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கிறது. “எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா நம்மாத்து லேடீஸ் வருவா, குழந்தைகள் வருவா. இன்னிக்கு ஒருத்தி, நாளைக்கு அந்த லைன் பூரா வந்து நின்னா என்ன பண்றது?”

“நிற்க வேண்டாம். உட்கார வைக்கலாம்” என்றேன்.

“நீர் எப்பவும் குதர்க்கம்தான் ஓய்.”

சாதியைச் சொல்லி ஒருவரை மறுக்க முடியாது. சட்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஆபீசில் செய்வதைப் போல ஒரு புது விதியை எழுதினார்: முழு உறுப்பினராகச் சேர்கிறவர், பொதுக்குழு முன்னிலையில் ஒரு தமிழ்ப் பத்தியைத் தடையின்றி வாசித்துக் காட்ட வேண்டும். துடைப்பம் பிடிக்கிற கை புத்தகம் பிடிக்காது என்று அவருக்கு அவ்வளவு உறுதி. கனகத்துக்குப் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் வேதாசலமும் சொல்லவில்லை.

ஜன்னலில் நின்றவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவர் நினைத்தாராம்? பிற்பாடு கேட்டேன். “படம் பார்க்கறாள்னு நினைச்சேன்” என்றார்.

“இந்த விதி எல்லோருக்கும்தானே?” என்று கேட்டேன்.

“சர்வீஸ் ரூல் மாதிரி சார். ஒரே சீரா அமல் பண்ணுவேன். என் பிள்ளையா இருந்தாலும் அதேதான்.”

“அதை அப்படியே தீர்மானத்தில் எழுதிக்கொள்ளலாமா?”

“தாராளமா” என்று சொல்லித் தம் கையாலேயே எழுதினார்.

எங்களூர்த் தமிழர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்குத் தமிழ் படிக்கவும் வரும் என்று நினைத்துக்கொள்வது. பிள்ளைகள் படித்ததெல்லாம் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். ரசம் வேண்டும் என்று தமிழில் கேட்பார்கள். ரசம் என்று எழுதிக் காட்டினால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எந்தத் தகப்பனும் இதைச் சோதித்துப் பார்த்ததில்லை. அந்த ஆண்டு பதினெட்டு வயது நிரம்பி, இளையோர் பிரிவிலிருந்து முழு உறுப்பினராக மாற விண்ணப்பித்திருந்தவர்கள் பதினோரு பேர். பட்டியலில் முதல் பெயர் சந்திரமோகன். நாராயணஸ்வாமியின் மகன். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான்.

எழுபத்தெட்டு ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பொதுக்குழு. கூடம் நிறைந்திருந்தது. கேசரி வாசனை வேறு. கனகம் காலை வேலையை முடித்து, குளித்து, கத்திரிப்பூ நிறச் சேலையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புது விதி கைதட்டலோடு நிறைவேறியது. தமிழைக் காப்பாற்றுகிற விதியாயிற்றே, யார் எதிர்ப்பார்கள்? கைதட்டியவர்களில் அந்தப் பதினோரு பேரின் தகப்பன்மாரும் அடக்கம்.

வாசிக்க என்ன கொடுப்பது என்று பேச்சு வந்தது. யாரும் முன்கூட்டித் தயார் செய்துகொண்டு வந்திருக்கக் கூடாது என்பதில் நாராயணஸ்வாமி கவனமாக இருந்தார். அன்று காலை மதராஸ் வண்டியில் வந்து, பார்சல் ஆபீசிலிருந்து பத்து மணிக்கு வந்து சேர்ந்திருந்த சனிக்கிழமைப் பேப்பரை, கட்டுக்கூடப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தார். எல்லோர் முன்னிலையிலும் கட்டை அறுத்து, முதல் பக்கத்தில் ஒரு செய்தியைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டார். தேர்வு நடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“வரிசை எண் ஒண்ணு. சந்திரமோகன்.”

சந்திரமோகன் சிரித்தபடி வந்தான். பேப்பரை வாங்கிப் பார்த்தான். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“அப்பா, இது…”

“படிடா.”

“யாராவது படிச்சா புரிஞ்சுப்பேன்ப்பா. படிக்கிறது மட்டும் நக்கோ.”

கூடம் குலுங்கியது. நாராயணஸ்வாமியின் மனைவி சாந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். “என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்? ஸ்கூல்ல என்ன பாஷை எடுத்தான்னு பாரத்தில கையெழுத்துப் போட்டது நீங்கதானே?” என்று அவர் சொன்னது மூன்று வரிசை தாண்டிக் கேட்டது.

அடுத்தவன், அதற்கடுத்தவள், எல்லோரும் அப்படியே. ஒருவன் படத்தைப் பார்த்து, “இவர் மந்திரி” என்றான். படத்திலிருந்தவர் கிரிக்கெட் ஆட்டக்காரர். ஒரு பெண் எழுத்துக் கூட்டி முதல் வரியைக் கடந்துவிட்டாள். இரண்டாவது வரியில் இறங்கிக்கொண்டாள். பதினோரு பேரும் தோற்று உட்கார்ந்தார்கள். கைதட்டிய தகப்பன்மார் இப்போது ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வரிசை எண் பன்னிரண்டு” என்றார் நாராயணஸ்வாமி. குரலில் உயிரில்லை. “கனகம்.”

கனகம் முன்னால் வந்தார். பேப்பரை வாங்கினார். கட்டம் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுவா சார்? இது காலையிலயே படிச்சாச்சே.”

“அதெப்படி? கட்டைப் பிரிச்சே பத்து நிமிஷம்தான் ஆறது.”

“உங்க கட்டு பார்சல்ல வருது. எனக்கு எஸ் செவன் பெட்டியில வந்துச்சு. நாப்பத்திரண்டாம் சீட்டுல விட்டுட்டுப் போய்ட்டாங்க. வேற பக்கம் வேணா குடுங்க. இல்ல இதையே படிக்கட்டா?”

“படிங்கோ” என்றார் நாராயணஸ்வாமி.

கனகம் படித்தார். யார்டில் எஞ்சின் சத்தத்துக்கு மேல் படித்துப் பழகிய குரல். ஏதோ ஒரு மாவட்டத்தில் குடிநீர்த் திட்டம் தாமதமான செய்தி அது. அவர் வாயில் அது ஒரு வழக்கு மாதிரி எழுந்தது. முற்றுப்புள்ளியில் நின்றார். கேள்வியில் குரலை உயர்த்தினார். கட்டம் முடிந்த இடத்தில் ‘ஐந்தாம் பக்கம் பார்க்க’ என்று போட்டிருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டு, மீதியை மனப்பாடமாகச் சொன்னார். எவ்வளவு குழாய் வாங்கினார்கள், எத்தனை கிராமம் காத்திருக்கிறது, கலெக்டர் என்ன சொன்னார், எல்லாம். வேதாசலம் அவசரமாக ஐந்தாம் பக்கத்தைப் பிரித்து விரல் வைத்துச் சரிபார்த்தார். “ஒரு கிராமம் அதிகமாச் சொல்லிட்டே” என்றார்.

“பேப்பர்ல விட்டிருப்பாங்க ஐயா. அவங்களுக்கும் தண்ணி வேணாமா?”

கூடத்தில் எழுந்த கைதட்டல், விதி நிறைவேறியபோது எழுந்ததைவிடப் பெரியது. முதலில் தட்டியவன் சந்திரமோகன்.

அதற்குப் பிறகுதான் ரகளை. பிள்ளைகளின் தகப்பன்மார் எழுந்தார்கள். இந்த விதி கொடுமையானது, மனிதத்தன்மையற்றது, பரம்பரைத் தமிழனைத் தமிழனில்லை என்கிறது என்றெல்லாம் பேசினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே வாயால் வாழ்த்திய விதி. விதியை ரத்து செய்ய ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு. அந்தக் கணக்கில் கனகத்துக்கும் ஒரு ஓட்டு. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பெற்றது.

நாராயணஸ்வாமி விதியை எழுதியவர் என்ற முறையில் நடுநிலை வகித்தார். பாதிக் கைகள் தூக்கியும் தூக்காமலும் நின்றன. பிள்ளைகளுக்காகத் திறக்கிற கதவில் அந்த லைன் முழுக்க வந்துவிடுமே என்ற பயம். இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. கனகம் மட்டும் இன்னும் கை தூக்கவில்லை.

“நீங்கதான் பாஸ் பண்ணிட்டீங்களே. உங்களுக்கு விதி இருந்தா என்ன, போனா என்ன?” என்றார் முன் வரிசைக்காரர் ஒருவர்.

“எனக்கு ஒண்ணுமில்லை சார்” என்றார் கனகம். நாராயணஸ்வாமி சட்டென்று நிமிர்ந்தார். “ஆனா எங்க தண்ணித் தொட்டி ஜமா மொத்தமும் படிக்கத் தெரியாதவங்க. இந்தப் புள்ளைங்களும் தெரியாதவங்க. படிக்கத் தெரியாதவங்களை வெளிய நிறுத்திட்டுப் படிப்பறைன்னு போர்டு மாட்டுனா, அது யாருக்கு?”

கையைத் தூக்கினார். விதி போயிற்று. முப்பதுக்கு இருபத்தொன்பது.

கேசரி பரிமாறியபோது நாராயணஸ்வாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நீர் முன்னாடியே சொல்லியிருக்கலாம் ஓய்.”

“நீங்கள் கேட்டிருக்கலாம்.”

அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய், தம் கையாலேயே படிப்பறை ஜன்னலைத் திறந்து கொக்கி மாட்டினார். மனிதருக்கு அதற்குமேல் அன்றைக்கு முடியவில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. இருந்தாலும் காற்று வந்தது.

அதே பகலில் கனகம் படிப்பறைக்குள் போனார். ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். வேதாசலம் பீரோவைத் திறந்து புத்தகத்தைக் கையில் கொடுத்தார். கனகம் கடைசி நாலு அத்தியாயத்தையும் அசையாமல் படித்தார். மூடினார்.

“கார்டு ஐயா, இதான் முடிவா?”

“அதான்.”

“வேலையை ராஜினாமா பண்ணிட்டு, மன்னிப்புக் கேட்டு, அந்த ஆள் பின்னாடி மலையெறங்கிப் போறாளா? இதுக்கா நான் கம்பியில மூஞ்சி வச்சு நின்னு, மூணு மாசமா காத்திருந்தேன்?”

“எழுதினவர் அப்படி நினைச்சிருக்கார்.”

“அவரை யாரு நினைக்கச் சொன்னது? அவளை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கித் தொட்டிக்கிட்ட கதை முடிச்சேன் நான். அது எவ்ளோ நல்லாருந்துச்சு. ஒரு கார்டு குடுங்க.”

வேதாசலம் தபால் கார்டு கொடுத்தார். கனகம் மன்றத்து மேசையில் மன்றத்துப் பேனாவால் எழுதித் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

பிப்ரவரியில் அவருடைய லைனிலிருந்து இருபத்து மூன்று பெண்கள் உறுப்பினரானார்கள். பன்னிரண்டு நாற்காலி போதாமல் மன்றம் பெஞ்சு வாங்கியது. அமைதி காக்கவும் என்ற பலகையை வேதாசலம் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் போட்டார். மாலை ஆறு மணிக்குக் கனகம் உரக்கப் படிப்பார். தோற்றுப்போன பதினோரு பேரில் நாலைந்து பேர் பெஞ்சு ஓரத்தில் கதை கேட்க வந்து உட்காருவார்கள். அடுத்த தேர்தலில் கனகம் நிர்வாகக் குழுவுக்கு நின்றார், வென்றார். முன்னிருந்த எந்தக் குழுவும் கேட்காத ஒன்றை முதல் கூட்டத்திலேயே கேட்டார். கூடத்தைப் பெருக்க வருகிறவரும் உறுப்பினர்தானே, அவர் ஏன் பின்வாசல் வழியாக வருகிறார்? பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

ஆனால் அந்த வருஷத்தில் எங்கள் எல்லோருக்கும் நினைவில் நிற்கிற நாள் அது அல்ல. மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. மதராஸ் வண்டியின் எஸ் த்ரீ பெட்டியில், மேல் பெர்த்தில், யாரோ விட்டுப் போன வார இதழ். கனகம் எடுத்து உதறினார். வாசகர் கடிதப் பக்கம் விரிந்தது. அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, யார்டின் தண்டவாளங்களைத் தாண்டி ஓடியதைப் பார்த்தவர்கள் விபத்து என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினார்களாம். தண்ணீர்த் தொட்டியடியில் ஒருமுறை படித்தார். சாயங்காலம் மன்றத்தில், நிறைந்த பெஞ்சுகளுக்கு முன்னால் இன்னொரு முறை படித்தார்:

“ஆசிரியர் ஐயாவுக்கு. திரிபுரசுந்தரியின் ராஜினாமாவை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு பெண் வேலை வாங்குவதற்குள் என்ன பாடு என்று எழுதியவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அவளை உடனே மறுபடியும் வேலையில் சேர்க்கவும். இப்படிக்கு, கனகம், சஃபாய்வாலா, செகந்திராபாத்.”